சிக்னல் பெப்டைடு இல்லாத புரதம் செல்லை விட்டு எப்படி வெளியே போகிறது? ஆய்வகத்தில் கண்டுபிடிக்கும் வரிசை

"அக்கா, மீடியத்துல பேண்ட் வந்துடுச்சு!" என்று ப்ராஜெக்ட் மாணவி பிளாட் ஃபிலிமை (ஆன்டிபாடியால் பிடித்த புரதம் 'பேண்ட்' என்ற கோடாகத் தெரியும் படம்) தூக்கிக்கொண்டு ஓடி வருவாள். நான் முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "எல்டிஹெச் பார்த்தியா?" பதில் வராது. (எல்டிஹெச் செல்லுக்குள்ளேயே இருக்க வேண்டிய நொதி; மீடியத்தில் தெரிந்தால் செல் உடைந்திருக்கிறது.) அந்த ஃபிலிமை ஓரமாக வைத்துவிட்டு இரண்டு வார வேலையைத் திரும்ப ஆரம்பிப்போம்.

வடசென்னையில் ஒரு சின்ன செல் கல்ச்சர் ஆய்வகத்தில் இந்தக் காட்சியை வருடா வருடம் பார்க்கிறேன். மீடியத்தில், அதாவது செல் வளரும் திரவத்தில், புரதம் இருப்பது வேறு, உயிரோடு இருக்கும் செல் அதை வெளியே அனுப்பியது வேறு. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய பிறகுதான் "எந்த வழி" என்று கேட்க முடியும். வருபவர்களில் பெரும்பாலானோர் வழியைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளில் எதைச் செய்கிறீர்கள் என்பதைவிட எதற்கு அடுத்து எதைச் செய்கிறீர்கள் என்பது முக்கியம்.

1. என்னென்ன வழிகள் உண்டு என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்

வழக்கமான பாதை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். புரதத்தின் முன்முனையில் சுமார் 15 முதல் 30 அமினோ அமிலம் வரை நீளும் சிக்னல் பெப்டைடு இருக்கும். அது புரதத்தை எண்டோபிளாச வலைக்குள் இழுத்துச் செல்லும். அங்கிருந்து கோல்கை, பிறகு வெளியே.

வழக்கத்துக்கு மாறான பாதைகளைப் பொதுவாக நான்காகப் பிரிக்கிறார்கள். முதல் வகையில் புரதம் செல் சவ்வைத் துளைத்து நேராகப் போகிறது. எஃப்ஜிஎஃப்2 என்ற வளர்ச்சிக் காரணிப் புரதம் இதற்கு நல்ல உதாரணம். இரண்டாம் வகையில் ஏபிசி டிரான்ஸ்போர்ட்டர் (சவ்வில் பதிந்து பொருட்களைக் கடத்தும் புரதம்) தள்ளிவிடுகிறது. ஈஸ்ட்டின் ஏ-ஃபேக்டர் என்ற சின்ன பெப்டைடை ஸ்டீ6 என்ற டிரான்ஸ்போர்ட்டர் வெளியேற்றுவது அப்படித்தான். மூன்றாம் வகையில் ஆட்டோஃபேகி (செல் தன் பாகங்களையே பையில் சுற்றிச் சிதைக்கும் முறை) அல்லது எண்டோசோம் (செல் உள்ளே இழுத்தவற்றைச் சுமக்கும் பை) சார்ந்த பைகள் புரதத்தைச் சுமந்து செல்கின்றன. நான்காம் வகை கொஞ்சம் வினோதமானது: சிக்னல் பெப்டைடோ சவ்வில் பதியும் பகுதியோ இருக்கும், எண்டோபிளாச வலைக்குள்ளும் போகும், ஆனால் கோல்கையைத் தொடாமல் சவ்வுக்கு வந்துவிடும்.

ஒரே புரதம் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் போகலாம். அழற்சியைத் தூண்டும் ஐஎல்-1பீட்டா அப்படிப்பட்டது. கேஸ்டெர்மின் டி என்ற புரதம் சவ்வில் போடும் துளை வழியாகவும் போகும், பைகள் வழியாகவும் போகும் என்று இரண்டுக்கும் சான்று இருக்கிறது. அதனால் "என் புரதம் இந்த வகை" என்று முதல் நாளே நோட்டில் எழுதி வைக்காதீர்கள்.

2. குளோனிங் செய்வதற்கு முன் வரிசையைப் பாருங்கள்

புரத வரிசையை, சிக்னல் பெப்டைடைக் கணிக்கும் சிக்னல்பி நிரலில் போடுங்கள். சவ்வில் பதியும் பகுதி இருக்கிறதா என்று டீப்டிஎம்ஹெச்எம்எம்-இல் பாருங்கள். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் மூன்று மாதம் உழைத்துவிட்டு, கடைசியில் சிக்னல் பெப்டைடு இருந்தது தெரியவந்த கதையும் உண்டு.

அப்புறம் டேக், அதாவது ஆன்டிபாடி அடையாளம் காண்பதற்காகப் புரதத்தில் சேர்க்கும் சின்னத் துண்டு. இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஐஎல்-1பீட்டா முதலில் 31 கிலோ டால்டன் முன்வடிவமாக உருவாகிறது. காஸ்பேஸ்-1 என்ற நொதி அதை 116-ஆம் இடத்து அஸ்பார்டிக் அமிலத்துக்குப் பிறகு வெட்டும்போது, பின்பாதிதான் 17 கிலோ டால்டன் முதிர்ந்த வடிவமாகிறது. நீங்கள் ஃபிளாக் டேகை முன்முனையில் வைத்திருந்தால் அது வெட்டுப்பட்ட துண்டோடு போய்விடும். வெளியே வந்த முதிர்ந்த புரதம் உங்கள் ஆன்டிபாடிக்குத் தெரியவே தெரியாது. "சுரக்கவில்லை" என்று எழுதிவிடுவீர்கள்.

நான்காம் வகையைச் சோதிப்பவர்களுக்கு வேறு தலைவலி. முன்முனையில் வைக்கும் டேக் சிக்னல் பெப்டைடை மறைத்து, புரதத்தை வலைக்குள்ளேயே போகவிடாமல் செய்யலாம். எந்த முனை என்று தெரியாவிட்டால் இரண்டு முனைக்கும் தனித்தனியாகக் கட்டுங்கள். டேக் இல்லாத புரதத்துக்கு நல்ல ஆன்டிபாடி கிடைத்தால் அதுதான் எல்லாவற்றையும்விட மேல்.

எஃப்ஜிஎஃப்2-இல் எடுத்தால் ஒரே எம்ஆர்என்ஏவிலிருந்து பல நீளங்களில் புரதம் வரும். வெளியே போவதாக நன்கு தெரிந்தது 18 கிலோ டால்டன் வடிவம். பெரிய வடிவங்கள் பெரும்பாலும் உட்கருவில்தான் தங்கும். லைசேட்டில் (உடைத்த செல்லின் கரைசலில்) நான்கு பேண்ட், மீடியத்தில் ஒன்று என்றால் பயப்பட வேண்டாம்.

3. ஒப்பீடுகளை முதல் நாளே எடுத்து வையுங்கள்

ரீஏஜென்ட் பட்டியலைவிட ஒப்பீட்டுப் பட்டியலை முதலில் எழுதச் சொல்வேன். மூன்று இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள்.

ஒன்று, சைட்டோசாலில் (செல்லின் உள் திரவத்தில்) இருக்க வேண்டிய, வெளியே வரக்கூடாத புரதம். எல்டிஹெச் ஒன்று, பிளாட்டுக்கு ஜிஏபிடிஹெச் அல்லது டியூபுலின். இது மீடியத்தில் தெரிந்தால் செல் உடைந்திருக்கிறது.

இரண்டு, வழக்கமான பாதையில் போகிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த புரதம். ஹெப்ஜி2 என்ற கல்லீரல் செல் என்றால் அல்புமின். மற்ற செல்களில் காசியா லூசிஃபரேஸ் என்ற ஒளி தரும் நொதி வசதி. அதற்கு இயற்கையாகவே சிக்னல் பெப்டைடு உண்டு, மீடியத்தில் ஒரு துளி எடுத்து ஒளியை அளந்தால் போதும்.

மூன்று, மருந்தைக் கரைத்த திரவம் மட்டும் போட்ட கிணறு (செல் வளர்க்கும் தட்டின் குழி). டிஎம்எஸ்ஓ என்றால் டிஎம்எஸ்ஓ, எத்தனால் என்றால் எத்தனால், அதே அளவு.

செல் தேர்வில் ஒரு வார்த்தை. ஹெக்293 என்ற செல் எளிதாக வளரும், டிஎன்ஏவை எளிதாக வாங்கிக்கொள்ளும் என்பதற்காக ஐஎல்-1பீட்டாவை அதில் சோதிக்க ஆரம்பிக்கிறார்கள். இன்ஃப்ளமசோம் (காஸ்பேஸ்-1-ஐ இயக்கும் புரதத் தொகுப்பு) கருவிகள் அதில் தாமாக இருப்பதில்லை. பிஎம்ஏ என்ற வேதிப்பொருள் கொடுத்து மேக்ரோஃபேஜ் போல மாற்றிய டிஹெச்பி-1 என்ற வெள்ளணுச் செல் எடுங்கள். செல்லைத் தூண்டும் பாக்டீரியாப் பொருளான எல்பிஎஸ் மூன்று நான்கு மணி நேரம், பிறகு இன்ஃப்ளமசோமை இயக்கும் நைஜரிசின். இதையெல்லாம் கூட்டினால் ஒரு முழு நாள். காலை எட்டு மணிக்குத் தொடங்காவிட்டால் ராத்திரி கடைசி மெட்ரோவுக்கு ஓட வேண்டியிருக்கும். விம்கோ நகரிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

மைக்கோபிளாஸ்மா (செல் கல்ச்சரில் தொற்றும் நுண்ணிய பாக்டீரியா) சோதனை முடியாத செல்லைத் தொடவே வேண்டாம். அது எல்பிஎஸ் இல்லாமலே செல்லைத் தூண்டிவிடும்.

4. செல்களைப் போடுவதும் கழுவுவதும்

எழுபது, எண்பது சதவீதம் நிரம்பிய தட்டு போதும். முழுக்க நிரம்பிய தட்டில் செல்கள் தாமாகவே இறந்து மிதக்கத் தொடங்கும்.

சீரத்தை எடுக்க வேண்டிய காரணம் ஜெல்லில் தெரியும். பத்து சதவீதம் சீரம் போட்ட மீடியத்தில் ஒரு மில்லி லிட்டருக்குச் சில மில்லிகிராம் புரதம் இருக்கிறது. அதில் பெரும்பகுதி 66 கிலோ டால்டன் மாட்டு அல்புமின். செறிவாக்கி ஏற்றினால் அந்த இடத்தில் ஜெல் ஊதிப்போய், பக்கத்து லேன்களையும் வளைத்துவிடும். வெதுவெதுப்பான பிபிஎஸ் என்ற உப்புக் கரைசலால் மூன்று முறை, தட்டின் சுவரில் விட்டு மெதுவாகக் கழுவுங்கள். செல் மேல் நேராக ஊற்றினால் அங்கேயே பாதி கிழிந்துவிடும்.

ஆனால் சீரம் இல்லாத நேரத்தை நீட்டாதீர்கள். நான் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு மேல் போவதில்லை. ராத்திரி முழுக்க விட்டால் இரண்டு சிக்கல். செல் சாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். பட்டினி போட்டாலே ஆட்டோஃபேகி கூடும் என்பதுதான் பலருக்குத் தோன்றுவதில்லை. மூன்றாம் வகைப் பாதைக்குப் பட்டினியே தூண்டுதல். ஈஸ்ட்டில் ஏசிபி1 என்ற புரதம் வெளியேறுவதே அப்படித்தான். "தூண்டாத" கிணறு என்று பெயர் எழுதி வைத்திருப்பீர்கள், அது ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும்.

5. மீடியத்தை எடுப்பது

தட்டை ஐஸ் மேல் வையுங்கள். சாய்த்துப் பிடித்து, பிப்பெட் முனையை மேல்மட்டத்தில் வைத்து மெதுவாக உறிஞ்சுங்கள். இதில் அவசரப்பட்டால் அடுத்த எல்லாம் வீண்.

உடனே 4 டிகிரியில் சென்ட்ரிஃப்யூஜில் 300 ஜி (புவியீர்ப்பின் 300 மடங்கு விசை), பத்து நிமிடம். மிதக்கும் செல் அடியில் படியும். மேலே உள்ளதில் தொண்ணூறு சதவீதத்தை மட்டும் புது டியூபுக்கு மாற்றுங்கள். "இன்னும் கொஞ்சம் இருக்கே" என்று அடிவரை உறிஞ்சும் கை எல்லோருக்கும் உண்டு. அடுத்து 2000 ஜி, இருபது நிமிடம், செல் துண்டுகளுக்காக. முதலிலேயே வேகமாகச் சுழற்றினால் முழுசாக மிதந்த செல் உடைந்து, உள்ளே இருந்ததெல்லாம் மீடியத்தில் கலந்துவிடும். சின்ன வேகம் முதலில், பெரிய வேகம் பிறகு.

எல்டிஹெச்சுக்கு 300 ஜி-க்குப் பிறகு ஒரு பங்கைத் தனியாக எடுத்து வையுங்கள். அதை உறைய வைக்காதீர்கள். உறைந்து இளகினால் நொதியின் திறன் குறையும். உங்கள் செல் நிஜத்தைவிட ஆரோக்கியமாகத் தெரியும்.

6. செல் உயிரோடு இருக்கிறதா? வழியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இது

எல்டிஹெச் சோதனைக்குக் கிணறுகள் நான்கு வகை: செல் இல்லாத மீடியம், தொடாத செல், நீங்கள் சோதிக்கும் செல், சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் ஒரு சதவீதம் போட்டு முழுக்க உடைத்த செல். எல்டிஹெச் எவ்வளவோ அவ்வளவு நிறம்; கடைசிக் கிணறு சிவந்துவிடும். செல் இல்லாத மீடியத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சீரத்திலேயே எல்டிஹெச் இருக்கிறது. கழுவியதில் மிச்சம் இருந்தால் அங்கே தெரியும்.

கணக்கு எளிது. நிறத்தின் அளவு செல் இல்லாதது 0.10, உங்கள் கிணறு 0.18, முழுக்க உடைத்தது 0.90 என்று வைத்துக்கொள்வோம். 0.08-ஐ 0.80-ஆல் வகுத்தால் பத்து சதவீதம். அதாவது பத்தில் ஒரு பங்கு செல்லின் உள்ளடக்கம் கசிந்திருக்கிறது.

இனி உங்கள் புரதம் எத்தனை சதவீதம் வெளியே இருக்கிறது என்று பாருங்கள். அதுவும் பத்து என்றால் அங்கே சுரப்பு எதுவும் இல்லை, செல் உடைந்ததோடு கூடவே வந்தது, அவ்வளவுதான். எல்டிஹெச் மூன்று, உங்கள் புரதம் இருபத்தைந்து என்றால் பேச விஷயம் இருக்கிறது. "எல்டிஹெச் பத்துக்குக் கீழே இருந்தால் சரி" என்று ஒரு எல்லையை மனப்பாடம் செய்துகொள்வது பெரிய தவறு. ஒரு சதவீதம் மட்டுமே வெளியேறும் புரதத்துக்கு நான்கு சதவீத எல்டிஹெச்கூட அதிகம். எப்போதும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

போன கோடையில் ஒரு மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் போனது. யூபிஎஸ் பாதியில் கைவிட்டது. வந்து பார்த்தால் இன்குபேட்டரில் வெப்பமும் கரியமில வாயுவும் இறங்கியிருந்தன. தட்டைத் தூக்கிப் போட மனசு வராமல் சோதனையைத் தொடர்ந்தோம். பிளாட் அழகாக வந்தது, எல்லா லேனிலும் பேண்ட். எல்டிஹெச்சும் எல்லா கிணற்றிலும், தொடாத செல்லிலும்கூட ஏறியிருந்தது. அந்தத் தொடாத கிணறு இல்லாமல் இருந்திருந்தால் நாங்களும் நம்பியிருப்போம்.

இப்போது இதில் ஒரு சிக்கலான மூலை. ஐஎல்-1பீட்டா பார்ப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். எல்டிஹெச் நான்கு துணையலகு சேர்ந்த, சுமார் 140 கிலோ டால்டன் எடையுள்ள பெரிய புரதம். கேஸ்டெர்மின் டி போடும் துளை வழியாக 17 கிலோ டால்டன் ஐஎல்-1பீட்டா தாராளமாகப் போகும். எல்டிஹெச் அந்தத் துளையில் நுழையாமல் உள்ளேயே தங்கிவிடும். சவ்வு முழுதாகக் கிழிந்த பிறகுதான் அது வெளியே வரும், அந்தக் கிழிசலுக்கு நின்ஜே1 என்ற வேறொரு புரதம் தேவை. ஆக மீடியத்தில் எல்டிஹெச் குறைவாகவே இருக்கும், ஆனால் சவ்வில் துளை இருக்கும். புரோபிடியம் அயோடைடு என்ற சாயம் சேர்த்துப் பாருங்கள்: சின்ன மூலக்கூறு என்பதால் துளை வழியாக உள்ளே போய் உட்கருவைச் சிவப்பாக்கும். அயோடைடு உள்ளே, எல்டிஹெச் வெளியே வரவில்லை என்றால் துளை உண்டு, கிழிசல் இல்லை.

நேரமும் முக்கியம். நைஜரிசின் போட்டு முப்பது நிமிடத்தில் இருப்பது வேறு, இரண்டு மணி நேரத்தில் இருப்பது வேறு. பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் எது முதலில் வருகிறது என்று கண்ணெதிரே தெரியும். 5 மில்லி மோலார் கிளைசின் சேர்த்தால் கிழிசல் தள்ளிப்போகும், துளை அப்படியே இருக்கும். இரண்டையும் பிரிக்க மலிவான வழி.

7. புரதத்தைச் செறிவாக்குவது

ஐந்து மில்லி லிட்டர் மீடியத்தில் இருப்பது கொஞ்சம்தான். அதை ஜெல்லின் ஒரு கிணற்றுக்குள் கொண்டுவர வேண்டும். நாங்கள் புரதத்தைப் படியவைக்கும் டிசிஏ அமிலத்தைப் பயன்படுத்துகிறோம்.

ராயபுரம் கடல்காற்றில் டிசிஏ பாட்டிலை இரண்டு முறை திறந்தால் போதும், படிகம் ஈரத்தை இழுத்துக்கொண்டு கூழாகிவிடும். அதை நிறுத்துப் போட்டால் பாதி தண்ணீரைத்தான் நிறுக்கிறீர்கள். பாரிமுனையிலிருந்து வந்த புது பாட்டிலை உடைத்த அன்றே மொத்தமாகக் கரைத்துவிடுங்கள்: 100 கிராம் என்றால் தண்ணீர் சேர்த்து 100 மில்லி லிட்டருக்குக் கொண்டுவந்தால் நூறு சதவீதக் கரைசல். கையுறை கட்டாயம்; தோலைச் சுட்டுவிடும்.

மீடியத்தில் இறுதி அளவு பத்து முதல் இருபது சதவீதம் வருமாறு சேர்த்து, ஐஸில் அரை மணி நேரம் வைத்து, அதிவேகத்தில் சுழற்றுங்கள். பெல்லட் (அடியில் படிந்த புரதம்) கண்ணுக்குத் தெரியாது. டியூபின் கீல் வெளிப்பக்கம் இருக்கும்படி எப்போதும் ஒரே மாதிரி வையுங்கள். பெல்லட் அந்தச் சுவரில்தான் இருக்கும், பிப்பெட்டை எதிர்ச்சுவரில் விடுங்கள். சீரம் இல்லாத மீடியத்தில் புரதம் மிகவும் குறைவு என்பதால் கொஞ்சம் சோடியம் டீஆக்ஸிகோலேட் முன்பே சேர்த்தால் பெல்லட் நன்றாகப் பிடிக்கும்.

பிறகு ஃப்ரீசரில் குளிர வைத்த அசிட்டோனால் இரண்டு முறை கழுவுங்கள். இதைச் சரியாகச் செய்தீர்களா என்று சாம்பிள் பஃபரே சொல்லிவிடும். நீல பஃபரை ஊற்றியதும் மஞ்சளாக மாறினால் அமிலம் மிச்சம் இருக்கிறது. அப்படியே ஏற்றினால் லேன் கோணலாக ஓடும். கரைசலாக இருக்கும் டிரிஸ் காரத்தை ஒரு மைக்ரோ லிட்டர், ஒரு மைக்ரோ லிட்டராகச் சேர்த்து மறுபடி நீலம் வரும்வரை பாருங்கள். அசிட்டோனை முழுக்க உலர்த்திவிடாதீர்கள். காய்ந்து போன பெல்லட் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கரையாது.

8. ஏற்றுவதும் எண்ணுவதும்

லைசேட்டையும் மீடியத்தையும் "சம அளவு புரதம்" என்று ஏற்றாதீர்கள். மீடியத்தில் மொத்தப் புரதமே குறைவு. 20 மைக்ரோகிராம் தேற்ற முழு தட்டையும் போட வேண்டியிருக்கும், லைசேட்டிலோ ஒரு துளி போதும். ஒப்பிட வேண்டியது ஒரே தட்டு செல்லின் எத்தனை பங்கு என்பதை.

ஒரு மாணவர் லைசேட்டில் ஒரு சதவீதமும் மீடியத்தில் ஐம்பது சதவீதமும் ஏற்றினார். இரண்டு பேண்டும் ஒரே தடிமன். "பாதி வெளியே போயிடுச்சு" என்றார். கணக்குப் போடுங்கள்: பேண்டின் அளவை 1 என்று வைத்தால் லைசேட் முழுவதும் 100, மீடியம் முழுவதும் 2. மொத்தம் 102-இல் 2, அதாவது இரண்டு சதவீதம்தான். எந்த லேனில் எத்தனை பங்கு என்பதைப் படத்தின் கீழேயே எழுதுங்கள்.

ஜெல்லிலிருந்து புரதத்தை மாற்றிய மெம்பிரேனில் பான்சோ (எல்லாப் புரதத்தையும் காட்டும் சாயம்) போட்டு ஒரு ஃபோட்டோ எடுத்த பிறகே ஆன்டிபாடிக்குப் போங்கள். அதே மெம்பிரேனில் ஜிஏபிடிஹெச்சும் பார்க்க வேண்டும்; மீடியம் லேனில் அது வந்தால் ஆறாம் படிக்குத் திரும்புங்கள்.

9. பிரெஃபெல்டின் ஏ: பெரிய பாதையை மூடிப் பார்ப்பது

இது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எளிதாகப் புரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். ஆனாலும் மார்க்கெட்டில் மீன் இருக்கும். ஃபைபர் படகில் வந்தது, வெளியூர் லாரியில் வந்தது. தடைக்காலத்தில் மீன் வந்தால் அது விசைப்படகில் வரவில்லை என்று சொல்லலாம். எதில் வந்தது என்று அதிலிருந்தே சொல்ல முடியாது. பிரெஃபெல்டின் ஏ காட்டுவதும் இவ்வளவுதான். எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கைக்குப் போகும் போக்குவரத்தை அது நிறுத்துகிறது. அதன் பிறகும் உங்கள் புரதம் வெளியே வந்தால் வழக்கமான பாதை அல்ல.

இதே உதாரணத்தில் இரண்டு தவறுகளும் இருக்கின்றன. தடை முதல் நாள் விற்கும் மீன், முந்தின நாள் பிடித்து ஐஸில் வைத்ததாக இருக்கலாம். அதே மாதிரி மருந்து போடும்போது ஏற்கெனவே கோல்கையைத் தாண்டிய புரதம் வந்துகொண்டே இருக்கும். அதனால் மருந்து போட்டு அரை மணி நேரம் கழித்துப் பழைய மீடியத்தைக் கொட்டிவிட்டு, மருந்தோடு புது மீடியம் ஊற்றி, அதிலிருந்து கணக்கிடுங்கள். இரண்டாவது, படகு உண்மையிலேயே கட்டிக் கிடக்கிறதா என்று போய்ப் பார்க்க வேண்டும். அல்புமினோ காசியா லூசிஃபரேஸோ நின்றதா? அது நிற்காவிட்டால் உங்கள் மருந்து பழசு. உங்கள் புரதம் நிற்காததற்கு அர்த்தமே இல்லை.

மில்லி லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் பெரும்பாலான செல்களுக்குப் போதும். நான்கு மணி நேரத்தைத் தாண்டாதீர்கள். நீண்டால் எண்டோபிளாச வலை திணறி, செல் சாகத் தொடங்கும். இந்தத் திணறலே நான்காம் வகைப் பாதையைத் திறந்துவிடும் தூண்டுதல் என்பதையும் மறக்க வேண்டாம். மருந்து போட்ட கிணற்றுக்கும் தனியாக எல்டிஹெச் உண்டு.

10. இப்போது எந்த வழி என்று பாருங்கள்

இதுவரை வந்தவர்கள் குறைவு. இனி எல்லாச் சோதனையையும் செய்ய வேண்டியதில்லை. புரதத்தின் குணத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்.

மீடியத்தில் எதுவும் இல்லையா? உடனே கைவிடாதீர்கள். எஃப்ஜிஎஃப்2 சவ்வின் உள்பக்கம் உள்ள பிஐபி2 கொழுப்பில் ஒட்டி, ஒன்றோடொன்று சேர்ந்து துளை போட்டு வெளியே வந்ததும், வெளிப்பக்கத்து ஹெப்பரான் சல்ஃபேட் என்ற சர்க்கரைச் சங்கிலி அதைப் பிடித்துக்கொள்கிறது. வாசலைத் தாண்டிவிட்டது, திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறது. மீடியத்தில் தேடினால் கிடைக்காது. ஹெப்பரின் கலந்த பிபிஎஸ்-ஆல் செல்லைக் கழுவி அந்தக் கழுவுநீரைப் பாருங்கள். கேலக்டின்கள் என்ற புரதங்கள் சர்க்கரைச் சங்கிலியில் ஒட்டியிருக்கும். அவற்றுக்கு லாக்டோஸ் கரைசல்.

இன்னும் உறுதியாக வேண்டும் என்றால் மேற்பரப்பு பயோட்டின் சோதனை. செல்லுக்குள் போகாத சல்ஃபோ-என்ஹெச்எஸ் பயோட்டினை 4 டிகிரியில் அரை மணி நேரம் போட்டு, ஸ்ட்ரெப்டாவிடின் மணிகளால் பிடியுங்கள். டிரிஸ் பஃபரில் கழுவிவிட்டுப் பயோட்டின் போடும் தவறு ஒவ்வொரு வருடமும் நடக்கிறது. டிரிஸில் உள்ள அமீன் பயோட்டினைத் தின்றுவிடும். பிபிஎஸ் மட்டும், டிரிஸையோ கிளைசினையோ கடைசியில் நிறுத்துவதற்கு வைத்துக்கொள்ளுங்கள். மணியில் பிடித்ததில் ஜிஏபிடிஹெச் இருக்கக் கூடாது. இருந்தால் செல் திறந்திருந்தது.

பைக்குள் இருக்கிறதா, வெளியே கரைந்திருக்கிறதா? 2000 ஜி-க்குப் பிறகு 10,000 ஜி அரை மணி நேரம், பிறகு 100,000 ஜி எழுபது நிமிடத்துக்கு மேல். கடைசிப் பெல்லட்டில் வந்தது என்பதற்காக "எக்ஸோசோமில் (செல் வெளியே விடும் சின்னப் பையில்) உள்ளது" என்று எழுதாதீர்கள். பைக்கு வெளியே ஒட்டியிருக்கலாம், புரதக் கட்டியாகவே கீழே இறங்கியிருக்கலாம். பெல்லட்டை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் எதுவுமில்லை, ஒன்றில் புரதத்தைச் சிதைக்கும் ப்ரோட்டினேஸ் கே, ஒன்றில் ப்ரோட்டினேஸ் கே-யோடு டிரைட்டான். டிரைட்டான் இல்லாமல் தப்பி, டிரைட்டானோடு அழிந்தால்தான் பைக்குள் இருந்தது. கூடவே டிஎஸ்ஜி101 போல நிச்சயமாக உள்ளே இருக்கும் புரதத்தையும் பாருங்கள். நொதியை நிறுத்துவதில் கவனம்: சாம்பிள் பஃபரில் உள்ள எஸ்டிஎஸ்-இலும் ப்ரோட்டினேஸ் கே வேலை செய்யும். சாம்பிள் பஃபர் போட்டால் நின்றுவிடும் என்று நினைத்து மேசையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களின் மூன்று டியூபும் காலியாக இருந்திருக்கின்றன. முதலில் அந்த நொதியைத் தடுக்கும் பிஎம்எஸ்எஃப், உடனே கொதிநீர்.

நான்காம் வகை என்று சந்தேகமா? மேற்பரப்பில் பிடித்த புரதத்தில் ஒட்டியுள்ள சர்க்கரையை எண்டோ ஹெச் நொதியால் வெட்டிப் பாருங்கள். கோல்கையைத் தாண்டிய சர்க்கரையை அது பெரும்பாலும் வெட்டாது. சவ்வுக்கு வந்துவிட்ட புரதத்தின் சர்க்கரை இன்னும் வெட்டுப்படுகிறது என்றால் கோல்கையில் மெருகேறாமலே வந்திருக்கிறது. இரண்டு வகைச் சர்க்கரையையும் வெட்டும் பிஎன்ஜிஏஸ் எஃப் நொதி போட்ட லேனும் பக்கத்தில் இருக்கட்டும், சர்க்கரை இருந்ததா என்பதற்கு.

ஆட்டோஃபேகி சார்ந்த பாதைக்கு மருந்துகளை மட்டும் நம்புவது எனக்குப் பிடிக்காது. ஆட்டோஃபேகியைத் தடுக்கும் 3-மெத்தில் அடினின் வேறு பலவற்றையும் தொடும். பாஃபிலோமைசின் லைசோசோமை (செல்லின் சிதைக்கும் பையை) நிறுத்துவதால் செல் சில பைகளைக் கூடுதலாகவே வெளியே தள்ளும். குறையும் என்று எதிர்பார்த்தது ஏறிப் போய்க் குழப்பும். ஆட்டோஃபேகிக்குத் தேவையான ஏடிஜி5 மரபணுவை நீக்கிய செல் கிடைத்தால் அதில் செய்யுங்கள்.

11. மாற்றிய புரதத்தில் மறுபடி

கடைசியாகச் செய்ய வேண்டியது, அந்த வழிக்குத் தேவையான இடத்தைப் புரதத்தில் மாற்றிவிட்டு எல்லாவற்றையும் திரும்பச் செய்வது. எஃப்ஜிஎஃப்2-இல் 77, 95-ஆம் இடத்து சிஸ்டீன்களை அலனினாக மாற்றினால் வெளியேற்றம் குறைகிறது; அவைதான் புரதங்கள் ஒன்றுசேரத் துணைசெய்கின்றன. மருந்து செல் முழுவதையும் தொடும். இந்த மாற்றம் உங்கள் புரதத்தை மட்டும் தொடும். அதனால்தான் இதற்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

மாற்றிய புரதம் லைசேட்டில் பழையதன் அளவுக்கே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குறைவாக உருவாகும் புரதம் குறைவாகத்தான் வெளியே வரும், அதற்கும் வழிக்கும் சம்பந்தமில்லை. இரண்டு செல்லிலும் எல்டிஹெச் ஒரே மாதிரி இருக்க வேண்டும்.

மூன்று முறை செய்யுங்கள் என்றால் ஒரே தட்டில் மூன்று கிணறு அல்ல. வேறு வேறு நாளில் உருக்கிய செல், அன்றன்று புதிதாகக் கலந்த மருந்து, அன்றன்று எடுத்த எல்டிஹெச். அந்த ஓடி வந்த மாணவி மூன்றாவது முறை வந்தபோது ஃபிலிமுக்கு முன்னால் எல்டிஹெச் தாளைத்தான் நீட்டினாள்.